ஒட்டும் நாணயம், ஒட்டாத நாணயம்

கேள்வி: வேலந்தாவளத்தில் உள்ள எங்கள் கடையில் அப்பா சேர்த்து வைத்த பழைய நாணயங்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அவற்றுள் 1957ஆம் ஆண்டின் 25 நயா பைசா காந்தத்தில் ஒட்டுகிறது. 1980ஆம் ஆண்டின் 25 பைசா ஒட்டவில்லை. இரண்டிலும் நிக்கல் உண்டு என்கிறார்களே, ஏன் இந்த வேறுபாடு?

பதில்: முதல் நாணயம் தூய நிக்கல். இரண்டாவது, முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த உலோகம்.

நிக்கல் உலோகத்தில் வெளி எலக்ட்ரான்கள் தனித்தனி அணுவுக்குச் சொந்தமாக இராமல், எல்லா அணுக்களுக்கும் பொதுவான ஆற்றல் பட்டைகளில் பரவியிருக்கின்றன. ஒவ்வோர் எலக்ட்ரானும் தற்சுழற்சியால் (spin) ஒரு சிறு காந்தம் போல இரு திசைகளில் ஒன்றை நோக்கும். ஒரு தற்சுழற்சித் திசைக்குரிய 3டி பட்டை (3d எனும் எலக்ட்ரான் கூட்டிலிருந்து உருவாகும் பட்டை) நிரம்பிவிட, எதிர்த்திசைக்குரிய பட்டையில் அணுவுக்குச் சுமார் 0.6 எலக்ட்ரானுக்கான இடம் காலியாக நிற்கிறது. அந்தக் குறைதான் நிக்கலின் காந்தத்தன்மை. செம்பு அணுவில் நிக்கலைவிட ஓர் எலக்ட்ரான் கூடுதல் என்பதால், செம்பைச் சேர்க்கச் சேர்க்கக் காலியிடம் அடைபட்டு, செம்பு ஏறத்தாழ 60 விழுக்காட்டை எட்டும்போது காந்தத்தன்மை அடியோடு மறைகிறது. உங்கள் இரண்டாவது நாணயம் அந்த எல்லையைத் தாண்டியது. இந்தக் கணக்கு சற்று எளிமையானதுதான். செம்பின் எலக்ட்ரான்கள் நிக்கலின் பட்டைக்குள் அப்படியே போய் நிரம்புவதில்லை என்று, ஒளியைப் பாய்ச்சி வெளிவரும் எலக்ட்ரான்களை அளக்கும் ஒளி எலக்ட்ரான் சோதனைகள் பின்னர் காட்டின. ஆனாலும் எல்லை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

டப்பாவில் காண்டாமிருகம் பொறித்த 25 பைசா கிடைத்தால் அதுவும் ஒட்டும். அது குரோமியம் கலந்த எஃகு; அங்கே நிக்கலுக்கு வேலையில்லை.

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறையில் முதுநிலை இயற்பியல் படிக்கிறேன். ஆய்வகத்தில் உள்ள பச்சை நிற நிக்கல் ஆக்சைடு தூளைக் காந்தம் இழுப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்ததும் நிக்கல் தன் காந்தத்தன்மையை இழந்துவிடுகிறதா?

பதில்: இழக்கவில்லை, உலோகத்தில் இருந்ததைவிட ஒவ்வொரு நிக்கலுக்கும் அது ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடுகிறது. ஆக்சைடில் நிக்கல் அயனி ஒவ்வொன்றும் இணை சேராத இரண்டு எலக்ட்ரான்களை வைத்திருக்கிறது. ஆனால் ஓர் ஆக்சிஜனின் இருபுறமும் நேர்கோட்டில் நிற்கும் நிக்கல்கள், அந்த ஆக்சிஜன் வழியாகவே ஒன்றையொன்று எதிர்த்திசையில் நிறுத்திக்கொள்வதால், கூட்டினால் விடை சுழியம். ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வரை இந்த எதிரெதிர் ஒழுங்கு நிலைக்கிறது. காந்தக் கட்டிக்கு அது புலப்படாது. தாமே சிறு காந்தங்களான நியூட்ரான்களின் கற்றைக்குப் புலப்படும்.

இதைவிட வியப்பானது அதன் மின்காப்புத் தன்மை. 3டி பட்டை நிரம்பாதிருப்பதால், எளிய பட்டைக் கோட்பாட்டின்படி அது மின்சாரத்தைக் கடத்தியிருக்க வேண்டும். இந்த முரண்பாட்டை 1937இல் டி போயரும் வெர்வேயும் சுட்டிக்காட்டினர். ஓர் எலக்ட்ரான் அடுத்த நிக்கலுக்குத் தாவினால் அங்கே ஏற்கெனவே உள்ள எலக்ட்ரான்கள் அதைக் கடுமையாக விலக்கும் என்பதே இயற்பியலாளர் நெவில் மாட் முன்வைத்த விளக்கம். 1985இல் ஸானன், சவாட்ஸ்கி, ஆலன் மூவரும் இந்த விளக்கத்தைத் திருத்தினர்: இத்தகைய பொருள்களில் நிக்கலிலிருந்து நிக்கலுக்குத் தாவுவதைவிட, ஆக்சிஜனிலிருந்து நிக்கலுக்குத் தாவுவதற்கே குறைந்த ஆற்றல் போதும். தேர்வுக்கு மாட்டின் விளக்கத்தோடு நின்றுவிடாமல் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்களானால், நியோடிமியமும் ஸ்ட்ரான்சியமும் கலந்த நிக்கல் ஆக்சைடு மென்படலத்தைக் கவனியுங்கள். 2019இல் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் அதில் ஏறத்தாழ 15 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தலை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் நிலையை) கண்டனர். அதன் தாய்ச் சேர்மத்தில் (ஸ்ட்ரான்சியம் கலக்காத மூலப் பொருளில்) நிக்கலுக்கு 9 3டி எலக்ட்ரான்கள், செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளின் தாய்ச் சேர்மங்களில் செம்புக்கு உள்ளதைப் போலவே.