கபடிக் குழுவின் பணம் பொருளாளர் கணக்கில் இருந்தால்

பொருளாளர் வெளிநாடு போகிறார், குழுப் பணம் அவர் சொந்தக் கணக்கில் கிடக்கிறது, அடுத்துப் பொறுப்பேற்க ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் கிளம்பும் முன் ஒரு நாள் உட்கார்ந்து, பொங்கல் போட்டி ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வரவு செலவு நோட்டோடு ஒப்பிட்டு, இருப்பை எழுதி, கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகத்தால் அல்ல, நாளை அவரை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது.

உங்கள் குழு சங்கமாகப் பதிவானதுதானே? அப்போ கணக்குத் தொடங்கக் கூட்டத்தில் போட்ட தீர்மானத்தின் நகல், பதிவுச் சான்று, துணைவிதிகள், சங்கத்தின் பான் அட்டையோடு வங்கிக்குப் போய்ச் சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்குங்கள். இருவர் கையெழுத்து கட்டாயம் என்று வையுங்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், மறக்காதீர்கள்.

அப்புறம், எல்லாம் ஒருவர் தலையில் விழுவதால்தான் யாரும் முன்வருவதில்லை. எங்கள் குழுவில் வசூலை ஒருவருக்கும் நோட்டு எழுதுவதை இன்னொருவருக்கும் பிரித்தோம். உடனே ஆள் கிடைத்தது.