ஆபரேஷன் முடிந்ததும் அடித்துக்கொள்ளும் முயல்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் கருப்பன், பஞ்சு என்று ஒரு ஜோடி முயல். ஒன்றரை வருடமாக ஒரே கூண்டு, ஒரே தட்டு. பஞ்சு இரண்டு முறை குட்டி போட்டுவிட்டாள். குட்டிகளைக் கொடுக்க ஆள் தேடி அலுத்துப்போய், இரண்டுக்கும் ஒரே நாளில் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். அன்று மாலையே பழைய கூண்டில் விட்டோம். பஞ்சு பாய்ந்து கடித்ததில் கருப்பனின் முடி கொத்துக் கொத்தாகப் பறந்தது. பத்து நாளாகத் தனித்தனி அறையில் வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒரே ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என் மாமியாரோ, ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: கொடுக்க வேண்டாம். குளிப்பாட்டவும் வேண்டாம். முயலைத் தண்ணீரில் முக்கினால் பயத்திலேயே துவண்டுவிடும். அடர்த்தியான அந்த முடி காய்வதற்குள் உடம்பு சில்லிட்டுப்போகும். வயிற்றில் தையல் இருக்கும்போது சொல்லவே வேண்டாம். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் பாதி சரியாகத்தான் பிடித்திருக்கிறார். சண்டைக்கு ஒரு காரணம் வாசனை.

முயல் தன் ஜோடியை முகர்ந்துதான் அடையாளம் காணும். கூண்டு மூலையிலும் தட்டு விளிம்பிலும் கருப்பன் தாடையைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருக்கும் சுரப்பியால் 'இது என்னுடையது' என்று எழுதி வைக்கிறான். அன்று மாலை திரும்பி வந்தவன் மேல் மருந்தும் ஸ்பிரிட்டும்தான் வீசியிருக்கும். பஞ்சுவைப் பொறுத்தவரை தன் வீட்டுக்குள் யாரோ ஓர் அந்நியன் நுழைந்திருக்கிறான். போதாததற்கு அவளுக்கு வயிற்று வலி வேறு.

இரண்டாவது காரணம் ஹார்மோன். விரையை எடுத்த மறுநாளே ஆண் முயல் சாதுவாகிவிடாது. ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பது அடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். பெண்ணுக்கும் சில வாரங்கள் வேண்டும். நீங்கள் பத்தாவது நாளில் நிற்கிறீர்கள். அதனால் இப்போது சேர்த்து வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். (ஆணுக்கு மட்டும் ஆபரேஷன் செய்தவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேளுங்கள்: அந்த ஆறு வாரத்துக்குள் அவனால் பெண்ணைச் சினையாக்க முடியும். ஒரே மாதத்தில் குட்டிகள் வந்து நிற்கும்.)

சேர்ப்பதற்கு முன் கருப்பனின் முடியை விரலால் விலக்கி, தோலைத் தடவிப் பாருங்கள். முயல் கடித்த காயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். கட்டி மாதிரி தட்டுப்பட்டால் மருத்துவரிடம் போங்கள். இரண்டில் எது அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் கிடந்தாலும் 'காலையில் பார்க்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். முயலுக்குக் குடல் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து.

சரி, இந்த ஆறு வாரமும் சும்மா இருப்பதா? இல்லை. தனித்தனி அறை வேண்டாம், ஒன்றை ஒன்று மறந்துவிடும். இரண்டு கூண்டையும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. ஒட்டி வைத்தால் கம்பி வழியாக மூக்கைக் கடித்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை கூண்டை மாற்றி விடுங்கள். அவன் படுத்த துணி அவளுக்கு, அவள் மூத்திரம் போன தட்டு அவனுக்கு. முதல் நாள் முறைப்பாள், காலைத் தரையில் 'டொம்' என்று அடிப்பாள். அடிக்கட்டும். கொத்தமல்லியும் அருகம்புல்லும் போடும்போது எதிரெதிர் கம்பி ஓரமாகப் போடுங்கள். இரண்டும் முதுகைக் காட்டாமல் நிம்மதியாக மென்றால் விஷயம் நகர்கிறது என்று அர்த்தம்.

தையல் ஆறி, வாரங்களும் கழிந்த பிறகு நேரில் விடலாம். பழைய கூண்டில் அல்ல. இருவருமே உரிமை கொண்டாடாத இடத்தில். மாடி அறை, உறவினர் வீட்டுக் கூடம், எதுவானாலும் சரி. வழுக்கும் டைல்ஸ் தரையில் முயல் மிரளும், பாயோ கோணியோ விரியுங்கள். தாம்பரம் வெயிலில் மதியம் வேண்டவே வேண்டாம், விடியற்காலை அல்லது இரவு. முதல் நாள் பத்து நிமிடம் போதும்.

கையில் ஒரு முறம் வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். சண்டை மூண்டால் இரண்டுக்கும் நடுவே முறத்தை நுழைத்துவிடலாம். நான் ஒரு முறை வெறுங்கையை நீட்டினேன், வலது கட்டைவிரலில் இன்றும் தழும்பு இருக்கிறது.

எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒன்று துரத்த மற்றது ஓடினால் விடலாம். மேலே ஏறினாலும் சில விநாடி விடலாம். யார் பெரியவர் என்ற பஞ்சாயத்து அது, ஆபரேஷன் ஆன பிறகும் நடக்கும். தலைப்பக்கமாக ஏறினால் உடனே இறக்குங்கள். கீழே இருப்பது கடித்தால் படக்கூடாத இடத்தில் படும். காதைப் பின்னால் படிய வைத்து, வாலைத் தூக்கி, ஒன்றின் வாலில் மற்றது மூக்கை வைத்தபடி சுற்ற ஆரம்பித்தால் அடுத்த நொடி உருண்டு புரளும் சண்டைதான். அதற்கு முன்பே முறம் இறங்க வேண்டும். 'அடித்துக்கொண்டு அவையே சமாதானமாகட்டும்' என்று விடுவது மனிதர்களுக்கே சரிவராது. முயலின் தோலோ காகிதம் மாதிரி கிழியும்.

ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் ஆளுக்கொரு மூலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தால் சோர்ந்துவிட வேண்டாம், அது நல்ல அறிகுறி. பயம் இருந்தால் முயல் முகம் கழுவாது. பிறகு ஒரு நாள் பஞ்சு, கருப்பன் முன்னால் தலையைத் தரையோடு தாழ்த்தி நிற்பாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்; 'என் நெற்றியை நக்கு' என்று மகாராணி உத்தரவு போடுகிறாள். அவன் நக்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சில ஜோடி ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும், சில ஜோடி இரண்டு மூன்று மாதம் இழுக்கும். உங்கள் கண் முன்னே முழுதாக இரண்டு நாள் சண்டையில்லாமல், உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தால் அப்புறம் பழைய கூண்டுக்கு மாற்றலாம். அதற்கு முன் கூண்டை வினிகர் கலந்த தண்ணீரால் நன்றாகக் கழுவி, தட்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். ஒளிந்துகொள்ள மண்பானை ஏதாவது வைத்தால் இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும். ஒரே வாய் உள்ள பானைக்குள் கருப்பன் மாட்டிக்கொண்டால் பழைய கதை திரும்ப ஆரம்பித்துவிடும்.