ஃபைபர் படகு ஒழுகுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, அணியத்துக்கு (படகின் முன்பகுதி) கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். எம்-சீல் வைத்து அடைத்தேன், பத்தே நாளில் பெயர்ந்துவிட்டது. என்ன தப்பு? (தூத்துக்குடி)

எம்-சீல் மேல் பழி போடாதீர்கள். உப்பும் ஈரமும் இருந்த இடத்தில் எதை வைத்தாலும் நிற்காது. முதலில் ஒரு நாணயத்தால் விரிசலைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று கேட்டால் பெரும்பாலும் மேலே உள்ள ஜெல்கோட், அதாவது வழவழப்பான மேல்பூச்சு மட்டும்தான் வெடித்திருக்கும். ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே மேட் (கண்ணாடி இழைப் பாய்) அடுக்குகள் பிரிந்துவிட்டன.

பிரிந்திருந்தால் அடைக்கிற பேச்சே வேண்டாம், வெட்டித்தான் ஆகவேண்டும். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் கனமென்றால் விரிசலின் இரண்டு பக்கமும் ஆறு சென்டிமீட்டர். ‘சின்ன விரிசலுக்கு இவ்வளவு பெரிய குழியா?’ என்று எல்லோரும் மலைப்பார்கள். ஒட்டு பிடிப்பதே அந்தச் சரிவில்தான். அப்புறம் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை ரெசினில் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) நனைத்து வைத்து ஏற்றுங்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும்.

நன்றாகக் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேய்ப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வெயிலில் காயவிட்டபின், ஒரு பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. கடலுக்குப் போகிற அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

குளியலறைக்கு அடிக்கிற சிலிக்கான் மீதி இருக்கிறது. அடிக்கலாமா?

வேண்டாம். உரிந்து வந்துவிடும். அதைவிட மோசம், அது பட்ட இடத்தில் பிறகு ரெசினும் ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது. போல்ட், குழாய் வெளியேறும் துவாரம் போன்ற இடங்களுக்குப் படகுக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். போல்ட்டை ஒரேயடியாக முறுக்கிச் சீலன்ட் முழுவதையும் வெளியே பிதுக்கிவிடாதீர்கள்.

அண்ணை, எங்கட போட்டில எஞ்சின் பூட்டுற பலகையின்ர போல்ட் ஓட்டையால மண்ணிறத் தண்ணி வடியுது. வெளியால அடைச்சால் காணுமோ? (பருத்தித்துறை)

காணாது தம்பி. மண்ணிறத் தண்ணீர் வந்தால் உள்ளே பிளைவுட் ஊறி உளுத்துவிட்டது என்று அர்த்தம். வெளியே அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். உள்பக்க ஃபைபர் தோலை வெட்டி எடுத்து, பலகையை மாற்ற வேண்டும். புதுப் பலகையில் போல்ட்டைவிடப் பெரிதாகத் துளையிட்டு, எப்பாக்ஸி ரெசினால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சரியான அளவுக்குத் துளை போடுங்கள். மரத்தைத் தண்ணீர் தொடவே வழி இருக்காது.

ரெசின் கலக்கிய டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிட்டது!

ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட் கூடிவிட்டது. கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி போதும். உச்சி வெயிலில் இன்னும் குறைவு. அரை கிலோ அரை கிலோவாகக் கலக்குங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுக்கக் கலந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். ஒரு துளி கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ரெசினில் எது நல்லது, எப்பாக்ஸியா, பாலியெஸ்டரா?

எப்பாக்ஸி பழைய படகில் கெட்டியாகப் பிடிக்கும், விலைதான் கடிக்கும். ஆனால் எப்பாக்ஸி இறுகிய பின் அதன்மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. எதில் தொடங்குகிறீர்களோ அதிலேயே முடியுங்கள்.

அப்பா காலத்து மரப் படகுக்குப் பஞ்சும் குங்கிலியமும் வைத்துப் பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து பார்ப்பார்கள். ஃபைபருக்கு அது ஏன் ஆகாது?

மரம் தண்ணீரில் ஊறி உப்பும். பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, பஞ்சைக் கவ்விக்கொள்ளும். பாதி வேலையைக் கடலே செய்துவிடும். ஃபைபர் அப்படி உப்பாது. ஒவ்வோர் அலைக்கும் வளைந்து கொடுத்து விரிசலை இன்னும் நீட்டும். அதனால்தான் வெறுமனே இட்டு நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கே ஒழுகுகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

கரையேற்றி, அடியில் நன்றாக முட்டுக்கொடுத்து, படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். எங்கே முதலில் நனைகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். நிறைய ஊற்றிவிடாதீர்கள், பாரத்தில் அடித்தளமே பிளந்துவிடும்.