கறுப்புக் கல்லில் முதலைத் தோல் போல ஓர் அச்சு: இது என்ன?

இங்கிலாந்தில் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவுமேட்டில் உங்கள் மாமா பொறுக்கிய கல், இப்போது மட்டக்களப்பு வீட்டில். முதலைத் தோலா என்று கேட்கிறீர்கள்.

இல்லை, கல்லில் பதிந்த பழங்கால மரப்பட்டையின் அச்சாகத்தான் இருக்கும். இரவில் டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்து தழும்புகள் எடுப்பாகத் தெரியும். அன்னாசித் தோல் மாதிரி சாய்சதுரங்கள் சுற்றிச் சுற்றி ஏறினால் அது லெபிடோடென்ட்ரன் என்ற அழிந்துபோன மரம். ஒவ்வொரு சதுரமும் ஓர் இலை உதிர்ந்த இடம். முத்திரை குத்தியது போலத் தழும்புகள் நேர்வரிசையில் இறங்கினால் சிகில்லேரியா என்ற இன்னொரு மரம். மூங்கில் போலக் கணுவும் நீளவரியும் இருந்தால் கலமைட்டிஸ் என்ற மூன்றாவது வகை. அதில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வெளித்தோல் அல்ல, தண்டின் நடுத்துளைக்குள் சேறு புகுந்து இறுகிய வார்ப்பு. பலர் சறுக்கும் இடம் இது.

இன்னொரு குழப்பம், ஒரே மரத்துக்குப் பல பெயர். துண்டு துண்டாகக் கிடைத்ததால் லெபிடோடென்ட்ரனின் வேர்ப்பகுதிக்கு ஸ்டிக்மேரியா என்று தனிப்பெயர். அதில் சின்ன வட்டத் தழும்புகள் இருக்கும். எல்லாமே 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையவை.

சரி, நம்மூரில் தேடலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பாறைகள் அந்த மரங்களைவிடப் பழைய, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள், அவற்றில் கிடைக்காது. வெடிப்பில் பன்னம் போலக் கிளைத்த கறுப்புக் கோடு கண்டால் அது தாவரமல்ல, மங்கனீசுப் படிவு. இலங்கையில் தாவர உயிர்ச்சுவடு பார்க்கப் புத்தளம் மாவட்டத்துத் தப்போவ இருக்கிறது, ஆனால் அது அந்த மரங்களுக்கு வெகு பிந்தைய ஜுராசிக் காலத்தது.