கெமிஸ்ட்ரியை விடும் முன் போட வேண்டிய கணக்கு

தம்பி, கிரீன் கார்டில் குடும்பத்தோடு நியூ ஜெர்சி வந்து எட்டு மாதம், மகளுக்குக் கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டர், பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை வருகிறது, கெமிஸ்ட்ரி மட்டும் வரவில்லை, அதை விட்டுவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரே ஒரு பாடத்தை விட்டால் பெரும்பாலும் நிற்காது. ஆனாலும் கணக்குப் பார்த்துவிட்டு விடச் சொல்லுங்கள். செமஸ்டர் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் விட்டால் அந்தப் பாடம் எடுத்ததாகவே கணக்கில் வராது. அதற்குப் பிறகு விட்டால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், பாதியில் விட்டதற்கு அடையாளமாக ‘டபிள்யூ’ என்று விழும். அது ஜிபிஏவை, அதாவது நாலுக்கு இத்தனை என்று போடும் சராசரி மதிப்பெண்ணைக் குறைக்காது என்று பிள்ளைகள் தைரியமாக இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அரசு உதவித்தொகைக்கு ஜிபிஏ மட்டும் போதாது. எடுத்த கிரெடிட்டில் (ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று உள்ள அலகு) எத்தனையை முடித்தாள் என்றும் பார்ப்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும். 15 கிரெடிட் எடுத்து, 4 கிரெடிட் கெமிஸ்ட்ரியை விட்டால் 11 மிஞ்சும், 73 சதவீதம், தப்பிக்கலாம். இன்னொரு 3 கிரெடிட் பாடமும் போனால் 53தான். நம் ஊரில் அரியரை அடுத்த முறை எழுதித் தேறிவிட்டால் போதும். இங்கே திரும்ப எடுத்தால் அதுவும் ‘எடுத்த’ கிரெடிட்டில் கூடும்.

ஜிபிஏ 2.0க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். 60 கிரெடிட் படிப்பென்றால் எடுத்தது மொத்தம் 90ஐத் தாண்டக்கூடாது. அப்புறம், என்ன கஷ்டம் வந்தாலும் எல்லாப் பாடங்களையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். செமஸ்டரில் 60 சதவீதம் கடக்கும் முன் அப்படி நின்றால், வாங்கிய பணத்தில் ஒரு பகுதி திரும்பப் போகும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா தவறியபோது மகன் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினோம். அவன் இரண்டு பாடத்தில் தேறவில்லை, ஒன்றை விட்டான். கல்லூரி அவனுடைய கல்லூரி மெயிலுக்கு எச்சரிக்கை அனுப்பியது. எச்சரிக்கைக்குப் பிறகு ஒரு செமஸ்டர் பணம் வழக்கம்போல் வந்தது. அதற்குள் சரிக்கட்ட முடியாமல் அடுத்த செமஸ்டர் நின்றது. கட்டண பில் வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். இங்கே கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் விவரமெல்லாம் பிள்ளைக்குத்தான் சொந்தம், பெற்றோருக்குக் கடிதம் வராது. தாத்தா போன துக்கத்தில் இருக்கும் எங்களிடம் இதையும் சொல்ல வேண்டாம் என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

நின்ற பிறகும் வழி இருந்தது. மேல்முறையீடு செய்யலாம். நெருங்கிய உறவினர் மரணம், உடல்நலக் குறைவு, விபத்து போன்றவற்றை ஏற்பார்கள். என்ன நடந்தது என்பதோடு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்றும் எழுத வேண்டும். மகன் முதலில் எழுதியது வெறும் மன்னிப்புக் கடிதம். அட்வைசர்தான் அதைத் திருத்தி, இனி எந்தெந்த செமஸ்டரில் என்னென்ன பாடம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தார். இறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டு ஒரு செமஸ்டர் புரொபேஷனில், அதாவது கண்காணிப்பில் வைத்து, பணம் கொடுத்தார்கள்.

கல்லூரிக்குக் கல்லூரி விதி கொஞ்சம் மாறும். அதனால் மகள் கெமிஸ்ட்ரியை விடும் முன் ஃபைனான்சியல் எய்ட் அலுவலகத்துக்கு நேரில் போய், ‘இதை விட்டால் என் சதவீதம் எவ்வளவு ஆகும்’ என்று கேட்கட்டும். டியூட்டரிங் சென்டரையும் விசாரிக்கச் சொல்லுங்கள், பல கல்லூரிகளில் அது இலவசம். கல்லூரி மெயிலை வாரம் ஒருமுறை அவளோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள், தம்பி.