மரம் அறுக்கும் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. பட்டுப்போன மரங்களை அறுக்க பெட்ரோல் செயின்சா ஒன்று வாங்கினோம். செயினுக்கு ஊற்ற, தான் காட்டும் டப்பாவைத்தான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். டிராக்டரில் இறக்கிய பழைய ஆயிலே போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அப்பாவோ, "நம்ம தேங்காண்ணெய் இருக்கறப்ப காசு எதுக்குடா?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடுதான் பார்; அதற்கென்று பார் ஆயில் என்று தனியாக விற்பதுதான் வேண்டும். அவர் காட்டும் பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை.

வண்டி இன்ஜினில் ஆயில் உள்ளுக்குள்ளேயே சுற்றி வரும். செயின்சாவில் அப்படியில்லை. பம்ப் தள்ளும் ஆயிலைச் செயின் பாரின் பள்ளம் வழியாக நுனிவரை இழுத்துப் போய், மரத்தூளோடு வெளியே தள்ளிவிடும். ஊற்றியது திரும்பி வராது. செயின் ஓடுவது நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். அந்த வேகத்தில் நுனியில் திரும்பும்போது சாதாரண ஆயில் சிதறிப் போகும். ஒட்டிக்கொண்டு நிற்பதற்காகவே பார் ஆயிலில் பிசுபிசுப்பு சேர்க்கிறார்கள். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்துப் பாருங்கள், பாகுபோல நூலாக இழுபட வேண்டும். டப்பாவில் என்ன அச்சடித்திருந்தாலும், நூல் வராத ஆயிலுக்கு நான் கூடுதல் காசு தரமாட்டேன்.

பழைய டிராக்டர் ஆயில் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் இரும்புத் துகளும் கரியும் பம்பைத் தேய்க்கும், ஆயில் வரும் துளையை அடைக்கும். அதைவிட முக்கியம், அறுக்கிறவர் கையிலும் முகத்திலும் தெறிப்பது அந்தக் கறுப்பு ஆயில்தான். அது தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. மிச்சமெல்லாம் தோப்பு மண்ணில்தான் இறங்கும்.

அப்பாவின் யோசனையை நானும் ஒருமுறை செய்து பார்த்தவன்தான். வெயில் காலத்தில் குறை சொல்ல முடியவில்லை. மார்கழியில் ஒரு விடியற்காலை மெஷினை எடுத்தால், டேங்கில் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது! தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்பது குளியலறை பாட்டிலைப் பார்த்தாலே தெரியும், எனக்கு அப்போது உறைக்கவில்லை. பம்ப் தள்ளவில்லை, கவனிக்காமல் அரை மரம் அறுத்ததில் பார் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டது. புது பார் வாங்கின காசுக்கு எத்தனையோ லிட்டர் ஆயில் வாங்கியிருக்கலாம். செக்குக் கடலெண்ணெய் உறையாதுதான், ஆனால் மெஷினை மாதக்கணக்கில் சும்மா வைத்தால் பிசினாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அவசரத்துக்குப் புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஊற்றலாம். பிசுபிசுப்பு குறைவு என்பதால் கொஞ்சம் அதிகம் செலவாகும், அவ்வளவுதான். கெட்டித்தன்மை எண் 68 உள்ள ஹைட்ராலிக் ஆயில் நம் ஊர் வெயிலுக்கு நீர்த்துப் போகும். பார் ஆயிலை ஆன்லைனில் வாங்குவதானால், குளிர் நாட்டுக்கென்று செய்த மெல்லிய ரகம் கையில் வந்துவிடாமல் பாருங்கள். 100 முதல் 150 வரை கெட்டித்தன்மை எண் உள்ளது நமக்குச் சரி. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் வேறு, பைக் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேறு. கடைப் பையன் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவான்.

எந்த ஆயில் ஊற்றினாலும், அறுக்கும் முன் பார் நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு மேலே தொடாமல் பிடித்து ரேஸ் கொடுங்கள். ஆயில் கோடு விழ வேண்டும். நடுத்தர மெஷின்களில் ஆயில் டேங்க் 200 முதல் 300 மில்லி பிடிக்கும். பெட்ரோல் தீரும்போது அதுவும் ஏறக்குறைய காலியாக வேண்டும். பாதிக்கு மேல் மிச்சம் நின்றால் எங்கோ அடைப்பு.

கேள்வி: காங்கேயத்தில் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலிக்கருவேலத்தை வெட்ட வாங்கிய புது மெஷின், வைத்த இடத்தில் ஆயில் விடுகிறது. மாற்றித் தர முடியாது என்கிறார்கள்.

பதில்: தட்டளவு ஈரம் என்றால் அது குறையல்ல. பாரில் தங்கிய ஆயில் நின்றபின் வடியும், வெயிலில் டேங்க் சூடானாலும் கசியும். அடியில் ஓர் அட்டை போடுங்கள், நாள்கணக்கில் எடுக்காவிட்டால் டேங்கை வடித்துவிடுங்கள். ராத்திரிக்குள் நிறைந்த டேங்கே காலியாகிறது என்றால் மூடியின் வாஷரோ உள்ளே போகும் குழாயோ கெட்டிருக்கும், அது உத்தரவாதத்தில் வர வேண்டிய வேலை. நிறைத்த டேங்கையும் காலையில் காலியான டேங்கையும் போட்டோ எடுத்து, பில் நகலோடு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.