அட்ஜெக்டிவ் சந்தேகமா? கேளுங்க

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். அட்ஜெக்டிவ், அதாவது பெயர்ச்சொல்லை விவரிக்கிற பெயரடை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (பத்தாவது மாணவி, காசிமேடு): மிஸ், அட்ஜெக்டிவ் மொத்தம் எத்தனை வகை? ஒரு கைடுல அஞ்சு, இன்னொண்ணுல எட்டு போட்டிருக்கு.

பதில்: பரீட்சைக்கு உன் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுதும்மா. ஆனா எண்ணிக்கை ஏன் மாறுதுன்னு தெரிஞ்சுக்கோ. குட், டால், ரெட் மாதிரி தன்மையைச் சொல்கிற சொற்களில் யாருக்கும் தகராறு இல்லை. மை, திஸ், சம், ஈச், விச் இவையும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவதால், பழைய இலக்கணம் உடைமை, சுட்டு, அளவு, வினா என்றெல்லாம் பிரித்து இவற்றையும் அட்ஜெக்டிவ் கணக்கில் சேர்த்தது. இப்போதைய இலக்கணம் இவற்றை டிட்டர்மினர், அதாவது எது, யாருடையது, எவ்வளவு என்று குறிக்கிற சொல் என்று தனியாக வைக்கிறது. நீயே சோதிச்சுப் பார். 'டால் பாய்' என்பதை 'தி பாய் இஸ் டால்' என்று திருப்பலாம், 'வெரி டால்' என்றும் சொல்லலாம். 'திஸ் பாய்' என்பதில் 'வெரி திஸ்' வருமா? தமிழிலும் 'ரொம்ப உயரமான பையன்' உண்டு, 'ரொம்ப இந்தப் பையன்' கிடையாது.

கேள்வி (வேலை தேடுகிறவர், வியாசர்பாடி): அக்கா, இன்டர்வியூவில் 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்றேன், எதிரே இருந்தவர் சிரிச்சிட்டார். என்ன தப்பு?

பதில்: அவர் சிரித்தது சரியில்லை தம்பி, முதலில் அதை மனசிலிருந்து எடுத்துடுங்க. இன்ட்ரஸ்டிங் என்றால் ஆர்வத்தைத் தூண்டுவது, இன்ட்ரஸ்டட் என்றால் ஆர்வம் வந்தவர், அதனால் நீங்கள் சொல்ல வேண்டியது 'ஐ ஆம் இன்ட்ரஸ்டட்'. இந்தத் தப்பு நமக்கு அடிக்கடி வருவதற்குத் தமிழிலேயே ஒரு காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். 'சமைத்த அம்மா' என்கிறோம், 'சமைத்த சோறு' என்றும் சொல்கிறோம். செய்தவருக்கும் செய்யப்பட்டதற்கும் ஒரே பெயரெச்சம் போதும், மிச்சத்தை நாமே புரிஞ்சுக்கிறோம். இங்கிலீஷ் இரண்டையும் பிரித்தே ஆகணும் என்கிறது. இப்படி நினைச்சுப் பாருங்க: மே மாசம், மத்தியானம் மூணு மணி, கரண்ட் இல்லை, நான் டென்ஸ் நடத்திக்கிட்டு இருக்கேன், பின்வரிசைப் பையன் நோட்டால் விசிறிக்கிட்டே கொட்டாவி விடுகிறான். அங்கே பாடம் போரிங், அதாவது சலிப்பூட்டுது; பையன் 'போர்டு', அதாவது சலிச்சுப் போனவன். 'ஐ ஆம் போரிங்' என்று அவன் சொன்னால் பழி அவன் மேலேயே விழும். டயர்டு, டயரிங், கன்ஃப்யூஸ்டு, கன்ஃப்யூஸிங் எல்லாம் இதே கணக்கு.

கேள்வி (கல்லூரி மாணவர், பெரம்பூர்): நாலஞ்சு அட்ஜெக்டிவ் சேர்ந்து வந்தா எது முன்னாடி?

பதில்: தெருவில் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கும் டிரம்மைப் பாருங்க. 'எ நைஸ் பிக் ஓல்டு புளூ பிளாஸ்டிக் டிரம்'. நம் அபிப்பிராயம் முதலில், பிறகு அளவு, வயது, நிறம், கடைசியில் எதனால் செய்தது என்பது. அந்தப் பொருளோடு எது பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கோ அது பெயர்ச்சொல் பக்கத்தில் உட்காரும். தமிழில் 'பழைய பெரிய டிரம்', 'பெரிய பழைய டிரம்' இரண்டும் ஓடும், ஆனா 'பிளாஸ்டிக் நீல டிரம்' என்றால் நம் காதுக்கே இடிக்கும்.

கேள்வி (ஒரு அம்மா, ராயபுரம்): மேடம், 'லிட்டில்', 'எ லிட்டில்' ரெண்டும் ஒண்ணுதானே? பையன் இல்லைங்கிறான்.

பதில்: பையன் சொல்வதுதான் சரிங்க. அதே டிரம்மில் 'எ லிட்டில் வாட்டர்' இருந்தால் ராத்திரி சமாளிச்சிடலாம், 'லிட்டில் வாட்டர்' என்றால் கிட்டத்தட்ட காலி, குடத்தை எடுக்கணும். எண்ணக்கூடிய பொருளுக்கு 'எ ஃப்யூ', 'ஃப்யூ' இப்படியே.

கேள்வி (மீன் வியாபாரி, காசிமேடு): வாட்ஸ்அப்ல 'மோர் ஃபிரெஷர்'னு போடலாமா?

பதில்: வேண்டாம்ண்ணா, 'ஃபிரெஷர்' மட்டும் போதும், 'மோர்' சேர்த்தால் ஒரே வேலையை ரெண்டு தடவை செய்த மாதிரி. உங்களுக்கு உதவுகிற இன்னொண்ணும் சொல்றேன். அலைவ், அஸ்லீப், அஃப்ரெய்டு இந்த மூணும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது, 'இஸ்' போன்ற வினைச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும். 'தி கிராப் இஸ் அலைவ்' (நண்டு உயிரோடு இருக்கு) சரி. முன்னால் போடணும்னா 'லைவ் கிராப்'னு போடுங்க.